நிழலுக்கு உரியவர்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொங்கிக்கொண்டிருந்த படத்தில் எங்கள் நன்னாவுக்கு இரண்டு நிழல்கள் உண்டு. வெள்ளைச் சட்டை, கைலி, தலையில் தொப்பி, இடக்கையில் மடித்த குடை. பின்னால் பூவேலை செய்த திரைச்சீலை. பக்கத்தில் ஒரு பூச்சாடி. எல்லாம் முறையாகத்தான் இருக்கும். காலடியில் மட்டும் ஒன்றுக்கு இரண்டாக நிழல் விழுந்திருக்கும். சிறு வயதில் நாங்கள் அதைக் கண்டு வியந்து நன்னியிடம் கேட்போம். "ஒங்க நன்னா பாதி நாளு மலையிலதானே கெடந்தாரு. ஒரு நெழலு வீட்டுக்கு, ஒரு நெழலு மலைக்கு" என்று நன்னி சிரித்து மழுப்பிவிடுவார்கள். அந்த விடையை நாங்களும் நம்பினோம். எங்கள் பிள்ளைகளுக்கும் அதையே சொன்னோம்.

சென்ற ஆண்டு வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கியபோதுதான் உண்மை வெளிவந்தது. பழைய கிதாபுகளுக்கும் கணக்குப் பேரேடுகளுக்கும் இடையே, உள்ளங்கை அளவில், பழுப்பேறிய நிழற்படம் ஒன்று கிடந்தது. அதே நன்னா, அதே குடை. ஆனால் திரைச்சீலை இல்லை, பூச்சாடி இல்லை. பின்னால் காப்பிக் கிடங்கின் மண் சுவர். பூச்சாடி இருக்க வேண்டிய இடத்தில், இடுப்பில் ஒரு துண்டுடன், கையில் சுரைக்குடுவையைப் பிடித்தபடி, ஒரு காலை மடக்கி மறு காலின் கெண்டையில் ஊன்றி, ஒரு மனிதர் நின்றிருந்தார். இரண்டாவது நிழல் அவருடையது.

எண்பதை எட்டிய எங்கள் மாமுவிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவரு பளியரு. நம்ம அத்தாவுக்குத் தேனும் கடுக்காயும் கொண்டாந்து கொடுத்தவரு" என்றார்கள். பிறகு மெல்லச் சொன்னார்கள்: "1968-ல அத்தா மௌத்தான பொறகு, பெருசு பண்ணி மாட்டலாமுன்னு நான்தான் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். பொண்ணு பாக்க வர்ற வீடு, கூடத்துல காட்டு ஆளு படம் எதுக்குன்னு தோணுச்சு. எடுத்துட்டுத் திரை போடச் சொன்னேன். அஞ்சு ரூவா கூடக் கேட்டான்."

எதிரே நின்ற மனிதரைத் தூரிகையால் அழித்த கை, அவர் தரையில் விட்டிருந்த நிழலை அழிக்க மறந்துவிட்டது. அந்த மறதிதான் எங்களை இக்கட்டுரை எழுத வைத்திருக்கிறது.

எங்கள் குடும்பம் பழனி மலையின் அடிவாரத்தில், வத்தலக்குண்டில் வாழ்ந்து வருவது. நன்னா பொதிகுதிரைகளோடு சித்தரேவு, பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் ஏறி, உப்பு, துணி, கருவாடு ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, தேன், மலை வாழைப்பழம், கடுக்காய் ஆகியவற்றைக் கொண்டு வருவார்கள். கடுக்காய் திண்டுக்கல் தோல் மண்டிகளுக்குப் போகும். தோல் பதனிட அது இன்றியமையாத சரக்கு. மேற்படி படம் 1957-ஐ ஒட்டி எடுக்கப்பட்டது என்பது மாமுவின் நினைவு. தோட்டத்துக் கணக்கர் ஒருவர் தம் பெட்டிக் கேமராவால் எடுத்து, ஒரே ஒரு பிரதியைக் கொடுத்தனுப்பினாராம். நன்னா ஹஜ்ஜுக்குச் செல்லும் வாய்ப்பைப் பெறவில்லை. ஆகவே கடவுச் சீட்டுக்கென்று கூட வேறு படம் எடுத்ததில்லை. அவர்களின் முகத்துக்கு உலகில் உள்ள சாட்சி அந்த ஒரு படந்தான்.

நன்னாவின் தலைமுறையில் நம் வீடுகளில் படம் எடுத்துக்கொள்வதற்கே தயக்கம் இருந்ததை வாசகர்கள் அறிவர். உருவம் சமைப்பது ஆகுமா ஆகாதா என்ற வினா வெறும் மூடத்தனமன்று. ஆழ்ந்த அச்சத்திலிருந்து எழுந்த வினா அது. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், நிழற்படம் என்பது புதிதாய் ஓர் உருவத்தைப் படைப்பதன்று, ஏற்கெனவே உள்ள நிழலைத் தடுத்து வைப்பதே என்று வாதிட்டு ஒரு நூலே எழுதினார்கள். மாற்றுக் கருத்துடைய ஆலிம்களும் இருந்தனர், இருக்கின்றனர். அந்த வழக்குக்குள் நாங்கள் புகவில்லை. ஆனால், தடுத்து வைக்கப்பட்டது நிழல் என்றால், அந்த நிழல் யாருடையது என்ற வினா உடனே எழுகிறதன்றோ? எடுத்தவருடையதா, வைத்திருப்பவருடையதா, நின்றவருடையதா?

இந்த வினாவுக்கு எங்களை இழுத்துச் சென்றவள் சென்னையில் கல்லூரியொன்றில் காட்சித் தொடர்பியல் பயிலும் எங்கள் தம்பி மகள். படத்தின் கதையைக் கேட்டதும் அவள், "நம்ம வீட்டுல நடந்தது அமெரிக்காவுலயும் நடந்திருக்கு" என்று தொடங்கி இருவரைப் பற்றிச் சொன்னாள்.

முதலாமவர் எட்வர்ட் கர்ட்டிஸ். அமெரிக்கப் பழங்குடிகள் மறைந்துபோகும் இனம் என்று நம்பி, அவர்கள் மறையுமுன் படம்பிடித்து வைத்துவிட வேண்டும் என்று முப்பதாண்டு உழைத்தவர். 1907 முதல் 1930 வரை இருபது தொகுதிகளாக அவருடைய நூல் வெளிவந்தது, பெருஞ்செல்வர் ஜே. பி. மார்கன் பொருளுதவி செய்தார். படங்களின் அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1910-ஐ ஒட்டி பீகன் மக்களின் கூடாரத்தில் எடுத்த ஒரு படத்தில், அமர்ந்திருந்த இருவருக்கு நடுவே கடிகாரம் ஒன்று இருந்தது. அச்சில் வந்த படத்தில் அந்தக் கடிகாரம் இல்லை. பழங்குடி மனிதர் தம் காலத்தில் வாழ்பவராகத் தெரியக் கூடாது. என்றோ உறைந்துபோனவராகவே தெரிய வேண்டும். அதற்குக் கடிகாரம் இடையூறு. அங்கே கடிகாரத்தை எடுத்தார்கள். எங்கள் வீட்டில் மனிதரையே எடுத்தோம்.

இரண்டாமவர் வில் வில்சன். 1969-ல் பிறந்தவர், நவஹோ என்று பிறர் அழைக்கும் தினே மக்களைச் சேர்ந்தவர். அவர் 2012-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாண்டா ஃபே நகரில் ஒரு பணியைத் தொடங்கினார். கைக்குள் அடங்கும் கருவியால் நொடிக்கு நூறு படம் எடுக்கும் இக்காலத்தில், அவர் வேண்டுமென்றே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய ஈரத் தகட்டு முறையைக் கையில் எடுத்தார். அந்த முறையை 1851-ல் உலகுக்கு அறிவித்தவர் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர். அதற்கு அவர் தனியுரிமை கோரவில்லை. 1857-ல் வறுமையில் இறந்தார்.

செயல்முறை இதுதான். அமிலத்தில் தோய்த்துப் பக்குவம் செய்த பஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்தால் கொலோடியன் என்ற பசை கிடைக்கும். அதில் சில உப்புகளைச் சேர்த்து, கறுப்புப் பூச்சுக் கொடுத்த உலோகத் தகட்டின்மேல் ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடவிட்டு, வெள்ளி நைட்ரேட்டு நீரில் சில நிமிடம் அமிழ்த்த வேண்டும். தகட்டின் ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்து, எதிரே இருப்பவர் அசையாமல் அமர்ந்திருக்கச் சில நொடிகள் ஒளி காட்டி, இருட்டறைக்கு ஓடி, இரும்பு உப்புக் கரைசல் ஊற்றி, கழுவி, நிலைப்படுத்த வேண்டும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். நிலைப்படுத்தும் நீருக்குள் மங்கலான நீலப் படலம் கரைந்து முகம் மேலெழும் காட்சியை, அமர்ந்தவரும் எடுத்தவரும் ஒன்றாகக் குனிந்து பார்க்கலாம்.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. அந்தப் பசை நீல ஒளியையே அறியும். செம்மையும் மஞ்சளும் அதற்கு இருட்டு. ஆகவே மாநிறத்தவர் கருநிறத்தவராகத் தோன்றுவர். நியூசிலாந்தின் மவோரி மக்கள் முகத்தில் குத்திக்கொள்ளும் பச்சைக் கோலங்கள் அந்நாளைய ஈரத் தகடுகளில் மறைந்தே போயின. நம் ஊர்க் கிழவிகளின் கையிலுள்ள பச்சையும் அப்படித்தான் மறையும். கருவிக்கு ஒரு கண் உண்டு, அந்தக் கண்ணுக்குத் தெரியாதவை உண்டு என்பதை இது காட்டுகிறது.

இத்தனை குறைகளும் இடர்களும் உள்ள முறையை வில்சன் ஏன் கையாள வேண்டும்? அவர் மக்களைப் போன்றோரை எண்ணற்ற முறை பிடித்து வைத்த கருவி இது. அதே கருவியைத் தம் மக்கள் கைக்கு மாற்றுவது ஒரு நோக்கம். தம் முன் அமர்பவரிடம், எந்த உடையில், எந்தப் பொருளோடு தோன்ற விரும்புகிறீர்கள் என்று அவர் கேட்கிறார். பழைய இறகணியோடும் வரலாம், பணிக்குச் செல்லும் சட்டையோடும் வரலாம். எங்கள் நெஞ்சைத் தொட்டது அதற்கும் அடுத்த செயல். இந்த முறையில் எடுக்கும் தகடு ஒன்றே ஒன்றுதான். அச்சிட்டுப் பெருக்க மூலச் சுருள் கிடையாது. அந்த ஒன்றை வில்சன் அமர்ந்தவருக்கே கொடுத்துவிடுகிறார். தமக்கென்று ஒரு மின்பிரதியை மட்டும், அதுவும் அவர் இசைவோடு வைத்துக்கொள்கிறார். நூறு பிரதி உள்ளவன் ஒன்றைக் கொடுப்பது எளிது. ஒன்றே உள்ளபோது அதைக் கொடுப்பதுதான் கொடை. 2018-ல் கர்ட்டிஸ் வாழ்ந்த சியாட்டில் நகரின் கலைக் காட்சியகத்தில், கர்ட்டிசின் படங்களோடு வில்சனின் தகடுகளையும் சேர்த்து வைத்தார்கள். அவற்றுள் சில பேசும் தகடுகள். கைபேசியை அவற்றின்முன் பிடித்தால் படத்திலுள்ளவர் அசைந்து, ஆடி, தம் குரலில் பேசுவார்.

இதையெல்லாம் சொல்லி முடித்துத் தம்பி மகள் கேட்டாள்: "அந்தப் பளியரோட புள்ளைங்க எங்கேயாவது இருப்பாங்க இல்லையா? அவங்ககிட்ட அவரு படம் இருக்குமா?"

எங்களில் யாரும் உடனே வாய் திறக்கவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவருடைய அமானத் எங்கள் பெட்டியில் இருந்திருக்கிறது; நாங்கள் அதை எங்கள் சொத்தென்று எண்ணியிருந்தோம்.

பேரேட்டைப் புரட்டினோம். தாண்டிக்குடிக் காப்பித் தோட்டக்காரர்களுக்குப் பெயர் உண்டு, வரவு செலவு உண்டு. தேனுக்கு எதிரே "பளியன் வரவு" என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை, எடை இல்லை, விலை இல்லை. நன்னாவை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய நூலிலும் பளியர்கள் வருகிறார்கள். மனிதரின் தலையையும் மூக்கையும் அளந்து குறித்தவர் அவர். அந்நூலின் பல படங்களுக்குக் கீழே இனத்தின் பெயர் உண்டு. நிற்கும் மனிதரின் பெயர் இல்லை.

நாங்கள் ஐவர், மாமுவையும் அழைத்துக்கொண்டு, மலையேறினோம். முதல்நாள் கோடைக்கானலில் தங்கினோம். தம்பி மகள் எங்களை வானாய்வுக் கூடத்துக்கு அழைத்துச் சென்றாள். 1899-ல் தொடங்கிய அக்கூடத்தில் 1904 முதல் கதிரவனைத் தகடுகளில் படம்பிடித்து வந்திருக்கிறார்கள். 1909-ல் ஜான் எவர்ஷெட் கதிரவனின் கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தது இங்கேதான். நூறாண்டுக் காலத்துப் படங்கள் நாள், நேரத்தோடு காக்கப்பட்டு, இன்று கணிப்பொறிக்கும் மாற்றப்பட்டுள்ளன. சிறு துளை வழியே இருட்டறைக்குள் புகும் ஒளியைக் கொண்டு கிரகணத்தின் பிறை வடிவை ஆய்ந்த பஸராவின் இப்னுல் ஹைதம், ஆயிரம் ஆண்டுக்கு முன் இட்ட வித்து இங்கேயும் முளைத்திருக்கிறது என்று எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆயினும் வெளியே வந்தபோது ஓர் எண்ணம் உறுத்தியது. ஒன்பது கோடி மைலுக்கு அப்பாலுள்ள கதிரவனின் புள்ளிக்கு நாளும் நேரமும் குறித்து வைத்த இதே மலையில், காலடியில் வாழ்ந்த மனிதருக்குப் பெயர் குறிக்க ஒருவருக்கும் தோன்றவில்லையே!

மறுநாள் பண்ணைக்காடு வழியாகத் தாண்டிக்குடிக்கு வந்து, அங்கிருந்து ஜீப்பிலும் பிறகு நடந்தும் ஒரு சிறு குடியிருப்பை அடைந்தோம். வள்ளிக்கிழங்கு தோண்டியும் தேன் எடுத்தும் வாழ்ந்த அம்மக்களிற் பலர் இன்று காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் பளியர்களோடு தங்கி ஆய்ந்த பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க அறிஞர், ஒருவர் மற்றவருக்கு ஆணையிடுவதை அவர்கள் விரும்புவதில்லை, சிறுவரைக் கூட வற்புறுத்துவதில்லை, சண்டை மூளும்போது விலகிச் சென்றுவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறார். நாங்கள் போன அன்றும் யாரும் எங்களை வரவேற்கவுமில்லை, தடுக்கவுமில்லை. படத்தை நீட்டினோம். கைமாறிக் கைமாறி அது, எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டியிடம் போய்ச் சேர்ந்தது.

அவருக்குக் கண்பார்வை மங்கல். முகத்தின் அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். முகத்தைப் பார்த்து அவர் அறியவில்லை. "இந்தக் காலு எங்கப்பன் காலு. அது இப்படித்தான் மடக்கி நிக்கும்" என்றார். பிறகு தகப்பனாரின் பெயரைச் சொன்னார். எங்கள் தம்பி மகள் அனுமதி கேட்டு, படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதினாள்.

"பக்கத்துல நிக்கிறவரத் தெரியுதா பாட்டி?" என்று கேட்டாள்.

"ராவுத்தரு. உப்புக் குடுப்பாரு."

எங்களுக்கு உள்ளம் குளிர்ந்தது. நன்னா மலைமக்களுக்கு உப்பை அள்ளி அள்ளிக் கொடுத்ததாக நன்னி சொல்லக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். மூதாட்டி அதே குரலில், கோபமோ குறையோ இன்றி, அடுத்ததையும் சொன்னார்: "தேன நிறுக்க மாட்டாரு. குடுவையோட வாங்கிக்குவாரு. நல்லவருதான்."

அந்த "நல்லவருதான்" எங்களை அடித்த அடியை எப்படி எழுதுவது! பேரேட்டில் எடை இல்லாததன் காரணம் விளங்கியது. அளவையிற் குறைப்போரை எச்சரிக்கும் முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை நம் வீடுகளில் ஓதாதார் இல்லை. நன்னா குறைத்து அளந்தார்கள் என்று எங்களால் சொல்ல முடியாது, அளக்கவே இல்லை. கொண்டு வந்தவருக்கும் அளந்து பார்க்கும் உரிமை உண்டு என்பது அந்நாளில் யாருக்கும் தோன்றவில்லை. மௌத்தானவரின் கடனைத் தீர்த்த பிறகே வாரிசுகள் சொத்தைப் பங்கிட வேண்டும் என்பது நம் மார்க்கச் சட்டம். 1968-ல் நாங்கள் பங்கிட்டபோது இந்தக் கடன் கணக்கில் வரவில்லை.

மாமு மூதாட்டியின் முன் தரையில் அமர்ந்தார்கள். "ஒங்க அப்பா படத்த அழிச்சவன் நான்தாம்மா" என்று தொடங்கி, ஸ்டூடியோக் கதை முழுவதையும் மறைக்காமல் சொன்னார்கள். பிறகு, "எங்க அத்தா கடன் ஏதும் இருந்தா இப்பத் தீத்துடறோம், சொல்லுங்க" என்றார்கள். அந்த அம்மா சிறிது நேரம் யோசித்தார். "செத்தவுங்க ரெண்டு பேரும். நான் என்னத்தக் கணக்குப் பாக்க?" என்றார். பின்னர் படத்தைக் காட்டி, "இது எனக்கா?" என்று கேட்டார்.

"ஒங்களுக்குத்தான். எங்களுக்குக் காப்பி எடுத்து வெச்சிருக்கோம். அத வெச்சுக்கலாமா?" என்றாள் தம்பி மகள்.

"ஒங்க ஆளும் இருக்காரில்ல, வெச்சுக்கங்க தாயி" என்று அவர் இசைந்தார்.

இக்கட்டுரையை எழுதலாமா, தகப்பனார் பெயரைப் போடலாமா என்றும் கேட்டோம். எழுதிக்கொள்ளலாம் என்றார், பெயர் மட்டும் வேண்டாம், வீட்டோடு இருக்கட்டும் என்றார். ஆகவே இங்கே அப்பெயர் இல்லை. எங்கள் பேரேட்டிலும் பெயர் இல்லை; இந்தப் பக்கத்திலும் பெயர் இல்லை. கேளாமல் விட்டதற்கும், கேட்டு, வேண்டாமென்று சொல்லப்பட்டு விட்டதற்கும் உள்ள தொலைவை வாசகர்கள் உணர்வார்களாக.

கடன் தீர்ந்துவிட்டது என்று நாங்கள் எண்ணவில்லை. தேனின் எடையை இனி யாரும் கண்டறிய முடியாது. அக்குடியிருப்பின் பிள்ளைகள் இருவரின் பள்ளிச் செலவை, அவர்கள் பெற்றோரின் இசைவோடு, எங்கள் குடும்பம் ஏற்றுக்கொண்டுள்ளது. இதைத் தருமம் என்று சொல்லக் கூடாது என்று மாமு கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். பேரேட்டில் அது கடன் கணக்கில்தான் எழுதப்படுகிறது. இம்முறை பெயரோடும் தொகையோடும்.

வீடு திரும்பியதும் மாமு, "அந்தப் படத்த எறக்குங்க" என்றார்கள். திரைச்சீலையும் பூச்சாடியும் இறங்கின. பெரிதாக்கிய புதிய படத்தில் மண் சுவர் தெரிகிறது, குடை தெரிகிறது, சுரைக்குடுவை தெரிகிறது. முன்பு பெண் பார்க்க வருவோர் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சிய அதே சுவரில், எண்பது வயதில், மாமு தம் கையாலேயே ஆணியடித்து அதை மாட்டினார்கள்.

இப்போது எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் நிழலைப் பற்றிக் கேட்பதில்லை. "நன்னா பக்கத்துல நிக்கிறது யாரு?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு மட்டும், வீட்டுக்குள்ளே, அந்தப் பெயரைச் சொல்கிறோம்.